எஸ்.எல்.ஆர். வாங்க ஆசை: மெட்ரிக்கா, இஞ்சா, இஷாப்பூரா?

கேள்வி, 2023 ஜனவரி 8
(டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

அப்பா தமிழ்நாடு சிறப்புக் காவல் படையில் இருந்தவர். சின்ன வயதில் அவர் தோளில் பார்த்த எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) மேல் இன்னும் மோகம் போகவில்லை. இங்கே அதையே எஃப்.என். ஃபால் என்று விற்கிறார்கள். ஒரு கடையில் பிரிட்டிஷ் எல்1ஏ1 பாகங்களை வைத்துக் கட்டியது ஒன்று இருக்கிறது, மரக்கட்டையோடு பார்க்க அம்சமாக இருக்கிறது. இன்னொரு கடையில் டி.எஸ். ஆர்ம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த எஸ்ஏ58, கருப்பு பிளாஸ்டிக். எல்லாம் ஒரே துப்பாக்கிதானே, அழகானதை எடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். சரியா?

2023 ஜனவரி 8, இரவு

ஒரே துப்பாக்கி இல்லை தம்பி. அண்ணன் தம்பி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒருவன் சட்டை இன்னொருவனுக்குப் பொருந்தாத அண்ணன் தம்பி.

விலை பேசும் முன்னால் ஒன்று சொல்லுங்கள், என்ன விசா? எச்1பி என்றால் அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் சேரும். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. நம் பையன்கள் பலருக்கு இது தெரியாது. நண்பன் கூப்பிட்டான் என்று ரேஞ்சுக்குப் போய் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள்.

2023 ஜனவரி 9

கிரீன் கார்டு என்கிறார். சரி, மேலே போகலாம்.

ஃபால் பெல்ஜியத்தில், எர்ஸ்டாலில் இருக்கிற எஃப்.என். நிறுவனத்தில் பிறந்தது. வடிவமைத்தவர் தியுதொனே சேவ். முதலில் சிறிய தோட்டாவுக்கென்று யோசித்த வடிவம். அமெரிக்கா பெரிய தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் 7.62×51 நேட்டோவுக்கு வளர்ந்தது. பெல்ஜியத்தின் வரைபடங்கள் மில்லிமீட்டரில் இருந்தன. அவற்றை அங்குலக் கணக்குக்கு மாற்றி வரைந்தவர்கள் கனடாக்காரர்கள். 1955-இல் இந்தத் துப்பாக்கியை முதலில் எடுத்த ராணுவமும் அவர்களுடையதுதான். அந்த வழியில் வந்தது பிரிட்டனின் எல்1ஏ1, ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை செய்த எல்1ஏ1. இவை இஞ்ச் பேட்டர்ன். பெல்ஜியம், ஆஸ்திரியா, பிரேசில், அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா எல்லாம் மெட்ரிக்.

வெறும் அளவு மாற்றத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரிட்டிஷ்காரர்கள் கைவைக்காமல் விடுவார்களா? இழுக்கும் கைப்பிடியை மடங்க வைத்தார்கள். தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டைச் சுமந்து ஓடுகிற போல்ட் கேரியரில் மணல் ஒதுங்குவதற்கென்று வரிவரியாகப் பள்ளம் வெட்டினார்கள். குறி பார்க்கும் பின் சைட்டை மடக்கும்படி செய்தார்கள். தொடர்ந்து சுடும் வசதியை எடுத்துவிட்டார்கள், ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதான். கடைசிக் குண்டு போனதும் போல்ட் தானாகப் பின்னால் நிற்கும் ஏற்பாட்டையும் எடுத்தார்கள். மேகசினுக்கு, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டிக்கு, முன்பக்கம் பெரிய கொக்கி ஒன்றைப் பற்ற வைத்தார்கள்.

பணம் போடுகிறவனுக்கு இதில் முக்கியம் மேகசின்தான். இஞ்ச் மேகசின் மெட்ரிக் துப்பாக்கியில் ஏறாது. மெட்ரிக் மேகசின் இஞ்ச் துப்பாக்கியில் ஏறும், ஆனால் கொஞ்சம் ஆடும். ஒன்று ஒழுங்காக ஊட்டும், அடுத்தது மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு அமெரிக்காவில் மெட்ரிக் மேகசின் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கிறது, புதிதாகவும் செய்கிறார்கள். நல்ல இஞ்ச் மேகசினைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே மெட்ரிக். எஸ்ஏ58 அந்த ரகம்தான், அதை எடுங்கள். மரக்கட்டை வேண்டுமென்றால் அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.

2023 ஜனவரி 11

"ராணுவத்தில் எஸ்.எல்.ஆர். தூக்கியவர் இப்படிப் பேசலாமா, நம்ம இஷாப்பூர் என்ன குறைச்சல்" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கூடவே, இந்தியா முறையாக உரிமம் வாங்கித்தான் செய்தது என்றும் எழுதியிருக்கிறார்.

கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன், உரிமம் கதையை இல்லை. 1962-இல் சீனர்களை எதிர்த்து நின்றபோது நம் ஆட்கள் கையில் இருந்தது .303, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். அந்தப் பக்கம் தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள். அந்த அடிக்குப் பிறகு அவசரம் பிடித்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, பெல்ஜியம் மூன்று நாட்டுத் துப்பாக்கிகளையும் கழற்றிப் பார்த்து, அளவெடுத்து, நமக்கென்று ஒன்றை வரைந்தார்கள். அதுதான் 1ஏ1, இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்தது. எஃப்.என். நிறுவனம் சும்மா இருக்குமா, வழக்கு என்று மிரட்டியது. அவர்களிடமும் துப்பாக்கி வாங்குவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சமாதானம்.

அதனால் நம் 1ஏ1 முழு மெட்ரிக்கும் இல்லை, முழு இஞ்சும் இல்லை. பார்க்க எல்1ஏ1 சாயல். பட்டின், அதாவது தோளில் வைக்கும் கட்டையின், பின்னால் பழைய .303-இன் பட் பிளேட்டையே போட்டார்கள், எண்ணெய்ப் புட்டியும் புல்த்ரூவும் (பேரல் துடைக்கும் கயிறு) வைக்கிற சின்னக் கதவோடு. கையில் இருக்கிற சாமானை வீணாக்காத புத்தி. எனக்கு இதில் பெருமைதான். ஆனால் ஒரு பாகம் உடைந்தால் டாலஸில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? மெட்ரிக் பாகமும் நேராக உட்காராது, இஞ்ச் பாகமும் நேராக உட்காராது. இங்கே முழு இஷாப்பூர் துப்பாக்கி ஒன்று விற்பனைக்கு வந்து நான் பார்த்ததும் இல்லை. ஊரிலோ கேட்கவே வேண்டாம், 7.62 தனியாருக்குத் தடை செய்த ரகம். பாசம் வேறு, ஸ்பேர் பார்ட்ஸ் வேறு.

2023 ஜனவரி 12

கேட்கிறார்கள் என்பதற்காக: நான் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன், பயிற்சி வெல்லிங்டனில். நீலகிரிப் பனியில் காலை ரேஞ்ச் என்றால் டார்கெட் தெரியாது, உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) குரல் மட்டும் தெரியும். 4.3 கிலோ துப்பாக்கி, நிறைந்த மேகசினோடு ஐந்து கிலோவை ஒட்டி வரும். அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட விட்டால் அரை மணி நேரத்தில் எந்த நாட்டு வடிவமைப்பு என்ற வித்தியாசமே தெரியாது.

சுட்டு முடிந்ததும் காலி கோக்கா, அதாவது விழுந்த பித்தளை உறைகளை, எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் புல்லுக்குள் மொத்த செக்‌ஷனும் குனிந்து தேடும். இங்கே டெக்சாஸில் ரேஞ்சில் ஜனங்கள் பித்தளையை அப்படியே விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. குனிந்து பொறுக்கிவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

2023 ஜனவரி 15

கேஸ் ரெகுலேட்டர் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் ஃபால் வாங்காதீர்கள்.

குண்டு பேரலில் ஓடும்போது பின்னால் வருகிற வாயுவில் ஒரு பங்கு மேலே போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பங்கை எவ்வளவு வைத்துக்கொள்வது, எவ்வளவை வெளியே விடுவது என்பதை முன்னால் இருக்கும் வளையத்தைத் திருகி நாமே வைக்கலாம். அமெரிக்க ராணுவத்தின் எம்14-இல் இப்படித் திருகி வைக்கும் வேலை கிடையாது, அது தானே பார்த்துக்கொள்ளும். ஃபாலில் நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதாலேயே பாதிப் பேர் தப்பாக வைத்திருக்கிறார்கள்.

மெட்ரிக்கில் வைக்கும் முறை எளிது. வளையத்தை முழுக்கத் திறந்துவிடுங்கள், வாயு பெரும்பாலும் வெளியே போய்விடும். மேகசினில் ஒரே ஒரு குண்டு போட்டுச் சுடுங்கள். போல்ட் பின்னால் நிற்காது. ஒரு கிளிக் மூடுங்கள், மறுபடி ஒரு குண்டு. எப்போது போல்ட் தவறாமல் பின்னால் நிற்கத் தொடங்குகிறதோ அங்கிருந்து இன்னும் இரண்டு கிளிக் மூடி விட்டுவிடுங்கள். அவ்வளவுதான். தோளில் உதை குறையும், பித்தளை பக்கத்து மேசைக்காரர் காப்பியில் போய் விழாது.

பிரிட்டிஷ் எல்1ஏ1-இல் கடைசிக் குண்டுக்கு போல்ட் நிற்காது என்று சொன்னேன் அல்லவா? ஆகவே அங்கே இந்தச் சோதனை நேராக நடக்காது. உறை எவ்வளவு தூரம் போய் விழுகிறது, அடுத்த குண்டு ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். பழகியவனுக்குக் கஷ்டமில்லை. புதிதாகத் தொடங்குகிறவனுக்கு மெட்ரிக் என்று நான் சொல்வதற்கு மேகசினுக்கு அடுத்த காரணம் இதுதான்.

2023 ஜனவரி 16

கலிஃபோர்னியாக்காரருக்கு: அங்கே ஃபாலைப் பெயர் சொல்லியே 1989 சட்டத்தில் தடை செய்தவை பட்டியலில் வைத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டுப் பயனில்லை, வக்கீலிடம் கேளுங்கள்.

2023 ஜனவரி 17

"இந்தத் துப்பாக்கியின் சத்தம் எங்களுக்கு வேறு மாதிரி ஞாபகம்" என்று டொரொன்டோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர் எழுதியிருக்கிறார். "எங்கட ஊரில எஸ்.எல்.ஆர். சத்தத்தையும் ஏ.கே. சத்தத்தையும் சின்னப் பிள்ளையளே பிரிச்சுச் சொல்லும். இதை வாங்கி வீட்டில வைக்கிறது எனக்கு விளங்கேல்லை."

அவருக்கு நான் வாதம் வைக்கப் போவதில்லை. நான் அமைதிப்படையோடு 1987-இல் அங்கே போகவில்லை. போன நண்பர்கள் சொன்னதை மட்டும் சொல்கிறேன். பனை வேலியும் குறுகிய ஒழுங்கையும் இருக்கிற இடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான துப்பாக்கி, ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, இருபது குண்டு மேகசின். எதிரில் குட்டையான ஏ.கே., முப்பது குண்டு, விட்டால் தொடர்ந்து சுடும். முந்நூறு மீட்டரில் ராஜாவான துப்பாக்கி முப்பது மீட்டரில் சுமையாகிவிட்டது என்றான் ஒருவன். அதற்கப்புறம்தான் இந்தியா கிழக்கு ஐரோப்பா பக்கம் போய் ஏ.கே. ரகங்களை வாங்கியது. எஸ்.எல்.ஆருக்குப் பதிலாக வர இருந்த இந்திய ரைஃபிள் இன்சாஸ் வேலை நடந்துகொண்டிருந்தது, கைக்கு வர 90-களின் பின்பாதி ஆனது.

இதற்கு மேல் இந்த விஷயத்தை இங்கே இழுக்க வேண்டாம். அண்ணர் சொன்னது அப்படியே இருக்கட்டும்.

2023 ஜனவரி 20

எம்14 கட்சி வந்துவிட்டது. வராமல் இருக்குமா.

அமெரிக்க ராணுவம் 50-களில் இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தது. ஃபாலுக்கு அங்கே வைத்த பெயர் டி48, எம்14-க்கு முந்தைய வடிவம் டி44. டி48 நன்றாகத்தான் ஓடியது. அலாஸ்கா குளிரில் சோதனை வந்தபோது டி44-ஐ முன்கூட்டியே குளிருக்குத் தயார்செய்து அனுப்பினார்கள், டி48 அங்கே திணறியது. 1957-இல் எம்14 ஜெயித்தது. சில வருஷத்திலேயே உற்பத்தி நின்றும் போனது. உள்ளூர் சரக்கு என்பதால் ஜெயித்தது என்று ஃபால் ரசிகர்கள் இன்று வரை முனகுவார்கள். நானும் கொஞ்சம் முனகுவேன்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் சைட்டில் எம்14 மேல். அதன் பின் சைட்டைத் திருகித் திருகி நுணுக்கமாக வைக்கலாம். ஃபாலில் பின் சைட் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, முன் சைட் பேரல் பக்கம். நடுவில் துப்பாக்கி கீல் போட்டது மாதிரி திறந்து மூடும். அந்த மூட்டு தளர்ந்தால் சைட் எதைக் காட்டுகிறதோ அங்கே குண்டு போகாது. ஸ்கோப் மாட்ட வேண்டும் என்றால் மேல் தகட்டில் மாட்ட வேண்டும், அந்தத் தகடு இறுக்கமாக உட்காராவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஜீரோ, அதாவது சரிசெய்து வைத்த குறி, நகரும். பேப்பரில் குண்டெல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி விழ, சின்னதாக ஒரு க்ரூப் போட்டுக் காட்ட ஆசை என்றால் எம்14-இன் தனியார் வடிவமான எம்1ஏ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடிப்பது வேறு: சேற்றில் விழுந்தாலும் கழற்ற ஒரு லீவரைத் தள்ளினால் போதும், போல்ட்டையும் கேரியரையும் பின்னால் உருவி எடுத்துத் துடைத்து மறுபடி போட்டுவிடலாம்.

2023 ஜனவரி 21

மேலே பாராட்டியதைப் பார்த்து ஒருவர் இஸ்ரேலை இழுத்திருக்கிறார், பாலைவன மணலில் ஃபால் தடுமாறியது என்று. உண்மைதான். அவர்களும் பிறகு கலில் என்ற தங்கள் சொந்த ரைஃபிளுக்குப் போனார்கள். பிரிட்டிஷ்காரர் கேரியரில் பள்ளம் வெட்டியதும் மணல் பயத்தால்தான். சேற்றைப் பற்றி நான் சொன்னது சேற்றுக்கு மட்டும்.

2023 பிப்ரவரி 3

தம்பி கடைக்குப் போய் எல்1ஏ1-ஐக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மனம் அதன் மேலேயே நிற்கிறது. "விலையும் குறைவு, இங்கேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாம்" என்கிறார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. கொஞ்சம் பின்கதை. 1989-இல் அமெரிக்கா இந்த மாதிரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது. அதற்கப்புறம் வந்தவை உடைத்துப் பிரித்த பாகங்கள். அவற்றை உள்ளூரில் செய்த ரிசீவரில், அதாவது துப்பாக்கியின் உடலில், சேர்த்துக் கட்டினார்கள். 2005-க்குப் பிறகு பேரலும் இறக்குமதியில் வரக் கூடாது என்றாகிவிட்டது. கட்டியவர்களில் கைதேர்ந்த ரைஃபிள்காரர்களும் உண்டு, ஸ்குரூட்ரைவர் வைத்திருப்பதாலேயே கிளம்பிய ஆட்களும் உண்டு. நானே ஒரு கன் ஷோவில் அப்படிக் கட்டிய ஒன்றை ஆசையாய் எடுத்துப் பார்த்தேன். கீழ்ப்பகுதி இஞ்ச், மேல்பகுதி மெட்ரிக் சாயல், மேகசின் இரண்டுக்கும் நடுவில் ஏதோ. யார் கட்டியது என்று எழுதப்போவதில்லை, அவர்களே மறந்திருப்பார்கள்.

ஃபாலில் பார்க்க வேண்டியது ஹெட்ஸ்பேஸ். போல்ட் முகத்துக்கும், பேரலுக்குள் தோட்டாவின் தோள் போய் முட்டும் இடத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்ற கணக்கு. இந்தத் துப்பாக்கியில் போல்ட் பின்பக்கம் சாய்ந்து லாக்கிங் ஷோல்டர் என்ற சின்ன உருக்குத் துண்டில் முட்டி நிற்கிறது. அந்தத் துண்டு பல தடிமன்களில் வரும். பேரலையோ ரிசீவரையோ மாற்றினால் அளந்து சரியான தடிமனை எடுத்துப் போட வேண்டும். பழைய துப்பாக்கியிலிருந்து வந்த துண்டையே புது ரிசீவரில் அடித்து வைத்தால் பொருந்தியது மாதிரிதான் தெரியும், இடைவெளி கூடியிருந்தால் உறை பின்னால் கிழியும். கிழிவது முகத்துக்குப் பக்கத்தில்.

இதை அளக்க .308 (7.62-இன் தனியார் பெயர்) கேஜ், அதாவது அளவுக் கட்டை, மூன்று உண்டு: கோ 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், ஃபீல்டில் மூடவே கூடாது. கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தேவையில்லை சார், நிறையச் சுட்டாச்சு" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

2023 பிப்ரவரி 4

இன்னொன்று விட்டுப்போனது. இறக்குமதிப் பாகங்களிலிருந்து கட்டிய துப்பாக்கியில், சட்டத்தில் பட்டியல் போட்டிருக்கிற பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. மேகசினின் உடல், உள்ளே ஏறும் தட்டு, அடித்தட்டு மூன்றும் அந்தப் பட்டியலில் வரும். அமெரிக்க மேகசினைக் கணக்கில் வைத்துக் கட்டிய துப்பாக்கியில் போய் பழைய ஆஸ்திரிய மேகசினைச் செருகினால் கணக்கு இடிக்கும். எஸ்ஏ58-இல் இந்தத் தலைவலி குறைவு, பெரும்பாலும் இங்கேயே செய்த பாகங்கள்.

2023 பிப்ரவரி 18

இப்போது என் கட்சியை நானே கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறேன்.

நேற்று எங்கள் ரேஞ்சில் ஓர் ஆஸ்திரேலியக்காரர் லித்கோ பாகங்களில் கட்டிய எல்1ஏ1 கொண்டுவந்தார். அவர் ஊரில் 1996-க்குப் பிறகு இதைத் தனியார் வைத்திருக்க முடியாது என்பதால் இங்கே வந்து ஆசை தீர்த்துக்கொள்கிறார். ரைஃபிள்ஸ்மித் ஒருவர் அளந்து கட்டியது. எடுத்துத் தோளில் வைத்தேன். கன்னம் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. பிரிட்டிஷ் வழியில் பட் நான்கு நீளங்களில் வரும், இது குட்டை ரகம். நான் ஐந்தடி ஐந்து அங்குலம். டெக்சாஸில் மெட்ரிக் ஃபாலைப் பிடிக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டித்தான் சைட்டைப் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மடங்கும் கைப்பிடியும் அப்படித்தான். மெட்ரிக்கின் நிலைக் கைப்பிடி ஸ்லிங்கில் தொங்கவிட்டு நடந்தால் விலா எலும்பில் குத்தும். மடங்குவது குத்தாது. ராணுவத்தில் இருந்தபோது இதையெல்லாம் யோசித்ததே இல்லை, கோத்தில் (ஆயுதக் கிடங்கில்) கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவோம்.

அதனால் இப்படித் திருத்திச் சொல்கிறேன்: கட்டியவர் யார் என்று தெரிந்து, அளவு பார்த்து, நல்ல இஞ்ச் மேகசின் ஐந்தாறு கூடவே வருகிறது என்றால், எல்1ஏ1 வாங்குகிறவனை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்திரேலியக்காரரின் மேகசின்கள் அத்தனையும் இஞ்ச். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. என் மெட்ரிக் மேகசின் ஒன்றை அதில் போட்டுப் பார்த்தோம், ஏழாவது குண்டில் மூக்கு முட்டியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

1982 ஃபாக்லாந்து சண்டையில் இரண்டு பக்கமும் இந்த ஒரே குடும்பம்தான். அர்ஜென்டினாக்காரர் கையில் மெட்ரிக், தொடர்ந்து சுடும் வசதியோடும் மடங்கும் பட்டோடும். பிரிட்டிஷ்காரர் கையில் எல்1ஏ1, ஒவ்வொன்றாக. ஜெயித்தது ஒவ்வொன்றாகச் சுட்டவர்கள். இதை வைத்து இஞ்ச்தான் உசத்தி என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை.

2023 பிப்ரவரி 19

"அப்போ எதை வாங்கச் சொல்கிறீர்கள், ஒரே வார்த்தையில்" என்கிறார் தம்பி. கடையில் இருக்கிற அந்த எல்1ஏ1-ஐயா? வேண்டாம். கடைக்காரர் கட்டியவர் பெயரும் சொல்லவில்லை, கேஜும் வைக்க விடவில்லை. நல்ல எல்1ஏ1-க்கும் இந்த எல்1ஏ1-க்கும் சம்பந்தமில்லை. எஸ்ஏ58.

பாரா மாடல் வேண்டாம். மடங்கும் பட், குட்டை பேரல், பார்க்க ஸ்டைல்தான். சாதாரண ஃபாலில் ரீகாயில் ஸ்பிரிங் பட்டுக்குள் இருக்கிறது, அதனால்தான் பட் மடங்காது. பாராவில் அதை மேல்தகட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள், கேரியர், தகடு, கீழ்ப்பகுதி எல்லாமே வேறு. விலையும் ஏறும், உதையும் வெடிச்சத்தமும் கூடும். 21 அங்குல பேரல், நிலையான பட், அப்படியே எடுங்கள். உங்களுக்குப் பட் நீளமாக இருந்தால் குட்டையாக்கிக்கொள்ளலாம். மடங்கும் கைப்பிடி மெட்ரிக்குக்கும் தனியாகக் கிடைக்கிறது.

2023 பிப்ரவரி 22

பெல்ஜியத்திலேயே செய்த அசல் எஃப்.என். வேண்டும், எவ்வளவு ஆகும் என்று ஹூஸ்டன்காரர் ஒருவர். ஜி-சீரிஸ் என்று உண்டு, 1959-லிருந்து 60-களின் தொடக்கம் வரை பிரௌனிங் நிறுவனம் இங்கே கொண்டுவந்தது. எண்ணிக்கை சொற்பம், எல்லாம் சேகரிப்பாளர்கள் பெட்டியில். அதை வாங்கிச் சுட மனசு வராது. சுடாமல் பெட்டியில் வைக்க ஒரு ரைஃபிள் என்பது என் தலைக்குள் ஏறாத விஷயம்.

2023 மார்ச் 12

தம்பி எஸ்ஏ58 வாங்கிவிட்டார். முதல் நாளே ரேஞ்சிலிருந்து செய்தி: இரண்டாவது குண்டு ஏறவில்லை, துப்பாக்கி ஓட்டை என்று. கேஸ் வளையம் முழுக்கத் திறந்திருந்திருக்கிறது. ஜனவரி 15 குறிப்பைப் படித்தீர்களா என்றேன். படித்தாராம், அது பழைய துப்பாக்கிகளுக்கு என்று நினைத்தாராம். போனிலேயே கிளிக் கிளிக்காக மூட வைத்தேன். இப்போது ஓடுகிறது.

2023 மார்ச் 14

கழற்றித் துடைப்பது பற்றிக் கேட்டிருக்கிறார். போல்ட், கேரியர், கேரியர் ஓடுகிற தடம், இவற்றுக்கு எண்ணெய் லேசாகப் போதும். பிஸ்டனுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எண்ணெய் வேண்டவே வேண்டாம், துணியால் துடைத்து உலர்வாகப் போடுங்கள். எண்ணெய் போட்டால் கரியோடு சேர்ந்து வெந்து பிசினாகும், இரண்டு மாதத்தில் மறுபடி "ஓட்டைத் துப்பாக்கி" என்று எனக்கே போன் வரும். கேஸ் சிலிண்டரின் முன் மூடியான கேஸ் பிளக்கைக் கழற்றி மாட்டும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பாருங்கள். பேரல் முனையிலிருந்து கிரெனேடு (எறிகுண்டு) விடுவதற்கான பக்கத்தை மேலே வைத்து மாட்டினால் பிஸ்டனுக்கு வாயுவே போகாது, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். .303 ஞாபகம் வேண்டுமென்றால் அப்படியும் சுடலாம்.